வாயைக் கட்டச் சொல்பவருக்கு

வேலைக்கும் சர்க்கரை நோய்க்கும் சம்பந்தமில்லை, வாயைக் கட்டத் தெரியாதவர்கள் நிறுவனத்தின் மேல் பழி போடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார் மனிதவள ஆலோசகர் ஒருவர். துணைக்கு அவர் அழைத்திருப்பது லண்டன் அரசு ஊழியர்களிடம் 1985 முதல் நடந்துவரும் வைட்ஹால் ஆய்வை. வேலை அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் ஆண்களிடம் தொடர்பு தென்படவில்லை என்று அதில் இருக்கிறதாம்.

இருக்கிறது. 2009இல் வந்த அதே ஆய்வறிக்கையில் பெண்களைப் பற்றியும் இருக்கிறது. தலைக்கு மேல் வேலை, அதை எப்படிச் செய்வதென்று முடிவெடுக்க உரிமையில்லை, கைகொடுக்கவும் ஆளில்லை என்ற நிலையில் இருந்த பெண்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. ஒரு வரியை எடுத்துக்கொண்டு அடுத்த வரியை மறைப்பது வாதமல்ல, மோசடி. பெண்கள் இவருடைய ஊழியர் கணக்கிலேயே சேரமாட்டார்களா?

ஆண்கள் கதையும் வைட்ஹாலோடு முடியவில்லை. ஐரோப்பாவின் 13 ஆய்வுகளைச் சேர்த்து, ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம் பேரின் விவரங்களை 2014இல் அலசினார்கள். வேலை அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து சுமார் 15 விழுக்காடு கூடுதல். ஆண், பெண் இருபாலருக்கும்தான். ஒழுங்காகச் சாப்பிட்டு, நடந்து, புகைக்காமல் இருந்தவர்களையும் அது விடவில்லை. உடல் எடையும் பரம்பரையும் இதைவிடப் பெரிய காரணங்கள் என்பதை யாரும் மறுக்கவில்லை. பெரிய காரணம் ஒன்று இருப்பதாலேயே அடுத்த காரணம் இல்லாமல் போய்விடுமா?

அவர் மிகவும் நம்பியிருக்கும் இடம் எடைதான். அமெரிக்கச் செவிலியர்களிடம் நடந்த ஆய்வில், 20 ஆண்டுகளும் அதற்கு மேலும் மாறிமாறி இரவு ஷிப்ட் பார்த்தவர்களுக்கு ஆபத்து 58 விழுக்காடு அதிகமாக இருந்தது. எடையைக் கணக்கில் கொண்டதும் அது 24 ஆகக் குறைந்தது. ஆகவே குற்றவாளி எடைதான் என்கிறார். அந்த எடை எங்கிருந்து வந்தது ஐயா? உடல் உறங்கக் கேட்கும் நேரத்தில் விழித்திருந்து, நள்ளிரவில் கிடைத்ததைத் தின்று, பகலில் வெயிலிலும் வீட்டு வேலையிலும் துண்டு துண்டாகத் தூங்கியதில் வந்தது. எடையைக் கழிப்பது ஷிப்ட் செய்த கேட்டில் ஒரு பகுதியைக் கழிப்பதே. அப்படிக் கழித்த பிறகும் 24 மிஞ்சுகிறது. அதற்கு என்ன பதில்?

சிகாகோவில் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டுப் பார்த்தார்கள். முடிவு 1999இல் வெளியானது. இரத்தத்திலிருந்து சர்க்கரையை அகற்றும் வேகம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஆறு நாளில் யாருக்குத் தொப்பை விழும்?

நாள் முழுக்க உழைக்கும் முதலாளிகளுக்கு ஏன் வரவில்லை என்றும் கேட்கிறார். இதற்கும் 2015இல் பதில் வந்துவிட்டது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் தொகுத்ததில், வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்தவர்களில் கீழ்நிலை வேலைகளில் இருந்தவர்களுக்கே ஆபத்து சுமார் 30 விழுக்காடு கூடியிருந்தது. மேல்நிலையில் இருந்தவர்களிடம் அந்த உயர்வு தென்படவில்லை. சமைத்துப் போட ஆளும், வீடு திரும்பும்போது கண்ணயரக் காரும் உள்ளவரின் 60 மணி நேரத்தையும், நின்றே தைத்துவிட்டு இரண்டு பஸ் மாறி வந்து உலை வைப்பவளின் 60 மணி நேரத்தையும் ஒரே தட்டில் வைக்க எப்படி மனம் வருகிறது?

2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியபோது தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. நீளும் வேலை நேரத்தை அன்று எதிர்த்தவர்களையும் வாயைக் கட்டத் தெரியாதவர்கள் என்பாரா?

நிறுவனங்கள் ஆண்டுக்கொரு சர்க்கரைப் பரிசோதனை முகாம் நடத்தினால் போதும் என்று முடிக்கிறார். நடத்துங்கள். ஆனால் அந்தச் சீட்டில் சர்க்கரை அளவுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று விவரங்களை எழுதுங்கள்: அந்த மாதம் அவர் பார்த்த இரவு ஷிப்ட் எத்தனை, ஓவர்டைம் எத்தனை மணி, சாப்பிடக் கிடைத்த இடைவேளை எத்தனை நிமிடம். எழுதி, தொழிற்சாலை ஆய்வாளரிடமும் ஒரு நகல் கொடுங்கள்.