கடலுக்கு அடியில் ஆறு நிமிடம்

"220 கிலோ குழாய் ஒண்ணு செய்ய இத்தனை வருஷமாடா?" என்று நம் ஹாஸ்டலில் ஒரு ராத்திரி முழுக்க விவாதம் நடந்தது. குழாய் என்று அவர்கள் சொன்னது ஷ்யேனா என்ற டார்பிடோவை. நான் எதிர்க்கட்சி. கோட்டைப்பட்டினத்துக்காரன் என்பதால் கடலைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

ஷ்யேனா என்றால் வடமொழியில் பருந்து. விசாகப்பட்டினத்தில் 1969-ல் தொடங்கிய கடற்படை அறிவியல் தொழில்நுட்ப ஆய்வகம் உருவாக்கியது. பாரத் டைனமிக்ஸ் தயாரிக்கிறது. 2012 மார்ச்சில் கடற்படையிடம் ஒப்படைத்தார்கள். நீளம் 2.75 மீட்டர், விட்டம் 324 மில்லிமீட்டர், வெடிமருந்து 50 கிலோ. இதன் அண்ணன் வருணாஸ்திரா சுமார் ஒன்றரை டன். அதை ஹெலிகாப்டரில் தூக்க முடியுமா? நீர்மூழ்கியைத் தேடிப் பறந்துபோய், அதன் தலைக்கு மேலே போட வேண்டும் என்றால் எடை குறைந்தே ஆக வேண்டும்.

இங்கேதான் கஷ்டமே. வேகம் 33 நாட், ஓடும் நேரம் 6 நிமிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள், சுமார் 6 கிலோமீட்டர் வரும். அதற்குள் தேட வேண்டும், துரத்த வேண்டும், முட்ட வேண்டும். மின்சாரம் தருவது கடல் தண்ணீர் பட்டால் உயிர்பெறும் மின்கலம். அதுவரை காய்ந்து கிடக்கும். இந்த வகையில் பொதுவாக மக்னீசியத் தகடும் வெள்ளி குளோரைடுத் தகடும் இருக்கும். உப்புத் தண்ணீர்தான் எலெக்ட்ரோலைட். நம் எலெக்ட்ரிக்கல் பசங்க இதைப் படித்தால் பேட்டரி பாடத்தில் தூங்க மாட்டார்கள்!

பிறகு காது. தண்ணீருக்குள் ரேடியோ அலை தூரம் போகாது, ஒலிதான் போகும், விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர். ஆனால் வெப்பம் மாறும் அடுக்குகளில் ஒலி வளைந்துவிடும். ஆழம் குறைந்த இடத்தில் தரையும் மேல்மட்டமும் எதிரொலித்து எது கப்பல், எது சேறு என்றே தெரியாமல் குழப்பும். விசைப்படகில் எக்கோ வைத்து மீன் பார்க்கும் எங்கள் ஆட்களுக்கு இதைப் புரியவைக்கத் தனியாக வகுப்பு வேண்டாம்.

இது தெரியாமல் நாம் கொடுத்த விலை உண்டு. 1971 டிசம்பர் 9 அன்று டையூ அருகே பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி, ஐ.என்.எஸ். குக்ரியை டார்பிடோவால் மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போய்விட்டார்கள். தேடிப்போனது குக்ரிதான். ஆனால் முதலில் கேட்டது எதிரியின் காது. அரக்கோணம் ராஜாளி தளத்துக்கு 2013-ல் வந்து சேர்ந்த பி-8ஐ விமானங்களுக்கு வாங்கியது அமெரிக்காவின் மார்க் 54 டார்பிடோ. வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அதன் மூளை எப்படி முடிவெடுக்கிறது என்று விற்றவர் முழுசாகச் சொல்லித் தருவாரா? அதனால்தான் வருஷம் ஆனாலும் நாமே செய்வது சரி என்கிறேன்.

எல்லாமே பெருமை என்று சொல்ல வரவில்லை. 2019-ல் ஷ்யேனாவை மியான்மருக்கு ஏற்றுமதி செய்தோம். 2021 பிப்ரவரியில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்துக்கொண்டது. செய்பவனுக்கு, அது யார் கைக்குப் போகிறது என்று கேட்கும் உரிமை வேண்டாமா?

எங்க அத்தா வேறு மாதிரி கேட்டார்: "நம்ம போட்டைப் புடிச்சிட்டுப் போறாங்களே, அதுக்கு இது எதாச்சும் பண்ணுமா?" ஒன்றும் பண்ணாது அத்தா என்றேன். பாக் விரிகுடாவில் ஐந்து, ஆறு பாகம் ஆழம். அங்கே நீர்மூழ்கிக்கு என்ன வேலை? அந்தப் பிரச்சினைக்குப் பேச்சுவார்த்தைதான் ஆயுதம். படித்தவன் இதையும் வீட்டில் நேராகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. டி.ஆர்.டி.ஓ.வில் சீனியர் டெக்னிக்கல் அசிஸ்டென்ட் வேலைக்கு நம் மூன்று வருட டிப்ளமோவே தகுதி. பி.இ. வேண்டாம். செப்டாம் தேர்வு எழுத வேண்டும். தண்ணீர் புகாத சீல், தாங்கி, வயரிங், சோதனை எல்லாம் நம் சிலபஸ்தானே? கடற்கரைப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த விண்ணப்பத்தைப் பார்த்திருக்கிறோம்?

சங்கத்துக்கு என் கோரிக்கை: இன்டஸ்ட்ரியல் விசிட் என்று கொடைக்கானலுக்குப் போய் போட்டோ எடுத்தது போதும். அடுத்த வருஷம் விசாகப்பட்டினம் போவோம். கடற்கரையில் குர்சுரா என்ற நிஜ நீர்மூழ்கியை 2002 முதல் அருங்காட்சியகமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உள்ளேயே நடந்து பார்க்கலாம். ரயில் கட்டணத்தில் மாணவர் சலுகைக்கு யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று நான் விசாரித்து வைத்துவிட்டேன். வருபவர்கள் பெயர் கொடுங்கள்.