தாயிடமிருந்து குட்டிகளைப் பிரிக்காதீர்கள்: குடியிருப்புகளில் குட்டி போடும் தெருப்பூனைகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஆள் பழகாத தெருப்பூனை குட்டி போடத் தேடுவது யாரும் கைவைக்காத மூலைகளைத்தான். மாடிப்படியின் அடி, மீட்டர் பெட்டி அறை, தண்ணீர்த் தொட்டியின் இடுக்கு, மாதக்கணக்கில் எடுக்காத காரின் உறை. குட்டிகள் கண்ணில் பட்ட அன்றே இரண்டு யோசனைகள் எழுகின்றன. குட்டிகளைச் சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவிடலாம் என்பார் ஒருவர். பாவம், நாமே எடுத்து வளர்க்கலாம் என்பார் இன்னொருவர். முன்னதில் கோபம் இருக்கிறது, பின்னதில் கருணை இருக்கிறது. குட்டிக்கு நேர்வது இரண்டிலும் ஒன்றுதான், தாய் இல்லாமல் போகிறது. இரண்டையும் எங்கள் அமைப்பு ஏற்கவில்லை. குட்டிகள் பால்குடி மறக்கும்வரை, அதாவது ஏறத்தாழ 8 வாரம், தாயும் குட்டிகளும் இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். அதன்பின் தாய்க்குக் கருத்தடை அறுவை செய்து அதே இடத்தில் விட வேண்டும். செலவைக் குடியிருப்போர் சங்கம் ஏற்க வேண்டும்.

பிறந்த குட்டி ஏறத்தாழ 100 கிராம் இருக்கும். கண் திறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். முதல் மூன்று வாரம் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்கு இயலாது. சிறுநீரும் மலமும்கூடத் தாய் நக்கித் தூண்டினால்தான் கழியும். நோயைத் தடுக்கும் எதிர்ப்புப் பொருள்கள் முதல் நாளின் சீம்பால் வழியே வருகின்றன. அந்த நாள் கடந்தபின் குட்டியின் குடல் அவற்றை உறிஞ்சுவதில்லை. இதையெல்லாம் மனிதர் ஈடுசெய்ய நினைத்தால், இரவு பகல் பாராமல் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பூனைக்குட்டிகளுக்கென்றே உள்ள பால்மாவைக் கரைத்துப் புகட்ட வேண்டும்; ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் துடைத்துக் கழிய வைக்க வேண்டும். பாக்கெட் பால் உதவாது. பூனையின் பாலில் உள்ள அளவுக்குப் புரதமும் கொழுப்பும் பசும்பாலில் இல்லை. அதிலுள்ள லாக்டோஸ் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். இத்தனை சிறிய உடல் நீரிழப்பைத் தாங்காது. குட்டிகளை எடுத்துச் செல்பவர்களின் அன்பில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் தாய் ஒரு செலவுமின்றிச் செய்துகொண்டிருக்கும் வேலையை, அதைவிட மோசமாகச் செய்ய நாம் ஏன் முன்வர வேண்டும்?

தாய்தான் விட்டுவிட்டுப் போய்விட்டதே என்பார்கள். பெரும்பாலும் அது போகவில்லை. இரை தேடப் போயிருக்கும், அல்லது நாம் பக்கத்தில் நிற்பதால் வராமல் இருக்கும். பூனை ஏழு வீடு மாற்றும் என்று பேச்சில் சொல்வதற்கு அடிப்படை உண்டு. தொந்தரவு கண்டால் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வேறிடம் கொண்டுபோவது அதன் இயல்பு. தனியாகக் கிடக்கும் ஒரு குட்டி அந்த இடமாற்றத்தின் நடுவில் இருக்கலாம். வயிறு உருண்டு, ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கும் குட்டிகளுக்குத் தாய் இருக்கிறது என்று கொள்ளலாம். சந்தேகம் தீர, சில அடி தள்ளிச் சுற்றிலும் கோலப்பொடியை மெல்லியதாகத் தூவிவிட்டு விலகி நின்றால், சில மணி நேரத்தில் தாயின் காலடித் தடம் தெரியும். அரிசி மாவு வேண்டாம். எறும்பு வரும், கண் திறக்காத குட்டிகளுக்கு எறும்பு பெரிய ஆபத்து. மனிதக் கை பட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாது என்பதும் பொதுவாக உண்மையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் ஏறும் இடமென்றால் குட்டிகளைப் பக்கத்திலேயே மேடான, மறைவான இடத்துக்கு அட்டைப்பெட்டியோடு நகர்த்தலாம், தாய் கண்டுகொள்ளும். குட்டிகள் சில்லிட்டு, ஓயாமல் கத்தி, தாய் வந்த தடமே இல்லை என்றாலோ, தாய் இறந்தது உறுதி என்றாலோ மட்டும் எடுக்க வேண்டும். அப்போதும் முதலில் தர வேண்டியது சூடு. சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டக் கூடாது.

சாக்குமூட்டை யோசனை தீர்வாகாது, சட்டத்துக்கும் ஒவ்வாது. பட்டினியிலும் தாகத்திலும் துன்புறும்படி ஒரு விலங்கைக் கைவிடுவதை 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்குகிறது. விஷம் வைத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின் கீழ் ஐந்தாண்டு வரை சிறை கிடைக்கலாம். சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் கணக்கு உதைக்கிறது. பெண் பூனை 9 வாரச் சினையில் நான்கைந்து குட்டி போடும். குட்டிகளை எடுத்துவிட்டால் பால் வற்றி ஓரிரு வாரங்களிலேயே மறுபடி பருவத்துக்கு வரக்கூடும். பகல் நீளம் அதிகம் மாறாத நம் ஊரில் அதற்கு ஆண்டு முழுதும் இனப்பெருக்கக் காலம்தான். குட்டிகளை அப்புறப்படுத்தும் குடியிருப்பு அடுத்த ஈற்றை விரைவுபடுத்துகிறது. தாயையே பிடித்து அகற்றினாலும், குப்பைத் தொட்டியும் எலியும் இருக்கும்வரை அந்த இடத்துக்கு வேறொரு பூனை வரும். நாய்கள் விஷயத்தில் சென்னை இதைக் கண்டிருக்கிறது. பல பத்தாண்டுகள் பிடித்துக் கொன்றும் எண்ணிக்கை குறையாமல், 1996-ல்தான் கருத்தடைக்கு மாறியது.

எதிர்ப்பவர்களின் அச்சத்தை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. ரேபீஸ் பூனைக்கும் வரும். கடியோ பிராண்டலோ நேர்ந்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட வேண்டும். ஆனால் குட்டியை யாரும் நெருங்காதபோது தாய் தாக்குவதில்லை. குழந்தைகள் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வதும் எங்கள் நிலைப்பாட்டின் ஒரு பகுதி. கருவுற்ற பெண்கள் இருக்கும் வீடுகளில் டாக்ஸோபிளாஸ்மா பற்றிக் கேட்கிறார்கள். அந்தக் கிருமி பூனையின் மலத்தின் வழி வருவது. பூனை படியடியில் படுத்திருப்பதால் வராது. கருவுற்றவர் அந்த இடத்தைச் சுத்தம் செய்யாமல் இருப்பதும், மற்றவர் கையுறையோடு அன்றாடம் கூட்டி அள்ளுவதும் போதும். கழுவாத கீரையும் சரியாக வேகாத இறைச்சியும் அதே கிருமியைத் தரும்.

பறவைகளைப் பற்றிய கேள்வி இவற்றைவிடக் கனமானது. கருத்தடை செய்த பூனையும் அணிலையும் தவிட்டுக்குருவியையும் பிடிக்கும். இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. எண்ணிக்கை குறைவது மெதுவாகத்தான் பலன் தரும், அதுவும் ஒரு குடியிருப்பின் பெரும்பாலான பூனைகளுக்கு, கடுவன்களையும் சேர்த்து, அறுவை நடந்தால்தான். ஆகவே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், கிண்டி தேசியப் பூங்கா போன்றவற்றை ஒட்டிய இடங்களில் "அதே இடத்தில் விடுவது" என்பதை நாங்கள் வலியுறுத்த மாட்டோம். அங்கே அறுவைக்குப் பின் பூனைக்கு வேறு புகலிடம் தேட வேண்டும்.

குட்டிகளை வளர்க்க விரும்புவோருக்கும் வழி இருக்கிறது. இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை பழகும் மனிதரைக் குட்டி ஏற்றுக்கொள்ளும். அதன்பின் பழக்குவது கடினம். தாய் சகித்துக்கொள்ளும் அளவுக்கு, நான்காம் வாரம் முதல் சற்று நேரம் அருகில் இருந்து பழக்கி, எட்டாம் வாரம் முடிந்தபின் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். தத்துக்குப் போகாத குட்டிகளுக்கும் ஒரு கிலோ எடை வந்ததும் அறுவை செய்ய வேண்டும், தாமதித்தால் நான்கைந்து மாதத்திலேயே அவை சினைப்படும். சோறு மட்டும் வைத்துவிட்டு அறுவையைத் தள்ளிப்போடுவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. சோறு வைக்கும் இடமே பூனையைக் கூண்டில் பிடிக்கவும் உகந்த இடம். இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

குடியிருப்போர் சங்கங்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான்: பூனைகளின் கருத்தடைச் செலவை ஆண்டுப் பராமரிப்புக் கணக்கில் தனி இனமாகச் சேருங்கள். இப்போதே குட்டிகள் இருக்கும் கட்டடங்களில், அவை பிறந்த தேதியையும் தாயைப் பிடிக்க வேண்டிய வாரத்தையும் பொறுப்பேற்பவரின் பெயரையும் எழுதி இன்றே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.