சட்டம் உண்டு, வேலை உண்டா?



காட்பாடியிலிருந்து திருப்பதிக்குப் பாசஞ்சர் வண்டியில் வந்துபோகும் நம்மில் எவருக்கும் அந்தக் கைதட்டும் ஓசை புதிதன்று. கேட்டதும் உறங்குவதுபோல் நடிப்போர் சிலர். பத்து ரூபாயை நீட்டிவிட்டுச் சன்னல் பக்கம் முகம் திருப்புவோர் பலர். நானும் அப்படித்தான் இருந்தேன், சென்ற மாம்பழப் பருவம் வரையில்.

பிழைப்புத் தேடி வேலூர்ப் பக்கத்திலிருந்து பாகாலாவுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. தர்மாவரம் பாதை பிரியும் அந்தச் சந்திப்பு நிலையத்தில் ஒரு மாலை, திருநங்கை ஒருவர் என் பக்கத்தில் வந்தமர்ந்தார். என் கையிலிருந்த நூலைப் பார்த்து, "தம்பி, நானும் பிளஸ் டூவுல கெமிஸ்ட்ரி படிச்சவதான். எங்கேயாவது வேலை இருந்தா சொல்லுப்பா" என்றார். காசு கேட்கவில்லை தோழர்களே, வேலை கேட்டார்!

என் மாமா ஒரு மாங்கூழ் ஆலையில் மேற்பார்வையாளர். பருவம் வந்துவிட்டால் தோத்தாபுரிக் காய் லாரி லாரியாக வந்து குவியும். ஆள் போதவில்லை என்று அவர் புலம்பாத நாளில்லை. அவரிடம் போய்ச் சொன்னேன்.

"ஆள் வேணும்தான்டா. ஆனா அவங்களை எந்த வரிசையில நிக்க வைக்கிறது? எந்தக் கக்கூசுக்கு அனுப்புறது? பொம்பளைங்க நாளைக்கு வரமாட்டோம்னு சொன்னா நான் என்ன செய்ய?"

மாமா கெட்டவரல்லர். ஆயினும் நான் வாயடைத்து நின்றேன். முதுகலை அறிவியல் பயில்பவனுக்கு, இவ்வாறு மறுக்கச் சட்டம் இடந்தருகிறதா என்பதுகூடத் தெரியவில்லை! வெட்கத்தோடு தேடிப் படித்தேன்.

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் திருநர்களை மூன்றாம் பாலினமாக ஏற்று, அடிப்படை உரிமைகள் அவர்களுக்கும் உரியவை என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு நவம்பரில், சேலத்துப் பிரித்திகா யாசினிக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் பேசியது. விண்ணப்பத்தில் மூன்றாம் பாலுக்கு இடமில்லை என்று தள்ளப்பட்ட அவர், 2017இல் தருமபுரியில் காவல் உதவி ஆய்வாளர் ஆனார். 2019இல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்றியது. வேலைக்கு எடுப்பதிலும் பதவி உயர்விலும் பாகுபாடு கூடாது என்றது அதன் 9ஆம் பிரிவு. சர்க்கார் அலுவலகம் மட்டுமன்று, தனியார் ஆலையும் இதில் அடக்கம். ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்றது 11ஆம் பிரிவு.

ஆனால் 18ஆம் பிரிவுக்கு வாருங்கள். கொத்தடிமை வேலை வாங்குதல், பொது இடத்தில் நுழையவிடாமை, ஊரைவிட்டுத் துரத்துதல், துன்புறுத்துதல் ஆகியவற்றுக்கு ஆறு மாதம் முதல் ஈராண்டு வரை சிறை என்று அப்போது எழுதினார்கள். வேலை மறுப்பு என்று ஒரு சொல் அப்பட்டியலில் இல்லை! "செய்யாதே" என்றவர்கள் "செய்தால் இன்னது" என்று சொல்லாமல் போனார்கள். விளைவு என்ன? உத்தரப் பிரதேசத்தில் ஒரு பள்ளி, குஜராத்தில் ஒரு பள்ளி என இரண்டிலும் வேலையிழந்த ஆசிரியை ஜேன் கௌசிக் உச்ச நீதிமன்றம் வரை போக நேர்ந்தது. 2025 அக்டோபர் 17 அன்று அவருக்கு இழப்பீடு கிடைத்தது. சமவாய்ப்புக் கொள்கை வகுக்க, ஓய்வு பெற்ற நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் குழுவும் அமைந்தது. கூலிக்குக் காய் அறுக்க வருபவர் டெல்லிக்குப் போவாரா?

சமுதாயம் மாறட்டும், சட்டம் பிறகு பார்க்கலாம் என்கிறார் என் அறைத்தோழர். சட்டம் மட்டும் போதாது என்பது மெய்தான். 2017இல் கொச்சி மெட்ரோவில் வேலை பெற்ற திருநங்கையர் சிலர், வாடகைக்கு அறை கொடுப்பாரின்றி வேலையையே விட்டனர். ஆனால் மாமா சாட்சிக்கு அழைத்தாரே, "பொம்பளைங்க" என்று, அவர்களை யாரேனும் கேட்டதுண்டா? அதே ஆலையில் காய் அறுக்கும் அத்தையிடம் கேட்டேன். "எங்களை எவன்டா கேட்டான்? எங்க கக்கூசுக்கே தாழ்ப்பாள் இல்ல. அதை முதல்ல போடச் சொல்லு, அவங்களும் வரட்டும், நாங்களும் போவோம்" என்றார்.

நாளை நம்மில் பலர் தரக்கட்டுப்பாட்டு அதிகாரிகளாக, மேலாளர்களாக அமரப்போகிறோம். வளாகத்துக்கு ஆளெடுக்க வரும் கம்பெனியாரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறோமே, உங்கள் புகார் அலுவலர் யார் என்றும் ஒருமுறை கேட்டால் என்ன?

மாமாவிடம் இந்தப் பருவத்தில் நான் கேட்பதாக இருக்கிறேன். அத்தையும் உடன் வருகிறாராம். அந்த அக்காவைத்தான் அதற்குப் பிறகு பாகாலாவில் காணவில்லை.