தெருவைத் திருப்பிக் கொடுங்கள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் போதும், வாட்ஸ்அப் குழுக்களில் நுங்கு வண்டியும் பம்பரமும் வலம்வரத் தொடங்கிவிடும். ‘90ஸ் கிட்ஸுக்கு மட்டுமே தெரியும்’ என்று ஒரு குறிப்பும் கூடவே வரும். அதற்கு அடுத்த வரியில் இன்றைய பிள்ளைகளுக்குத் திட்டு: எந்நேரமும் கைபேசி, ஓடியாடத் தெரியவில்லை, நான்கு பேரோடு பழகத் தெரியவில்லை. இந்தக் குற்றச்சாட்டை வைக்கப் பெரியவர்களாகிய நமக்கு உரிமை இல்லை என்றே சொல்வேன். தெருவையும் மாலை நேரத்தையும் கூட்டாளிகளையும் பிள்ளைகளிடமிருந்து ஒவ்வொன்றாகப் பறித்தவர்கள் நாம்தான். கைபேசி கடைசியாக வந்து அந்த வெற்றிடத்தில் உட்கார்ந்துகொண்டது.

இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் நடத்திய ஆய்வு ஒன்று இதைப் புரிந்துகொள்ள உதவும். 1971-இல் அந்நாட்டில் 7, 8 வயதுக் குழந்தைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போய்வந்தார்கள். 1990-இல் அது 9 சதவீதமாகச் சரிந்திருந்தது. அந்த ஆண்டில் ஸ்மார்ட்போன் கிடையாது. இணையம் வீடுகளுக்குள் வந்திருக்கவில்லை. சாலையில் வாகனம் பெருகியது, பெற்றோர் பயந்தார்கள், பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார்கள். சாலை விபத்தில் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்ததைக் காட்டி, சாலைகள் பாதுகாப்பாகிவிட்டன என்று சொல்லப்பட்டபோது ஹில்மன் அதை ஏற்கவில்லை. சாலையின் ஆபத்து குறையவில்லை, குழந்தைகள்தான் அங்கிருந்து அகற்றப்பட்டுவிட்டார்கள் என்றார்.

நம் ஊர்களில் இது சற்றுத் தாமதமாக நடந்தது. சென்னையோ மதுரையோ கோவையோ, எந்தக் குடியிருப்புத் தெருவிலும் இன்று இருபுறமும் கார்கள் நிற்கின்றன. நடுவில் மிஞ்சும் இடத்தில் பைக்குகள் பறக்கின்றன. தெருப்பிள்ளைகள் எல்லாருக்கும் மைதானமாக இருந்த காலிமனை, வேலி போட்ட வீட்டுமனையாகி, பிறகு மாடி வீடாகிவிட்டது. கிராமத்திலும் அறுவடை இயந்திரம் வந்த பிறகு கதிரடிக்கும் களத்துக்கு வேலை குறைந்தது. பல ஊர்களில் அந்த இடமும் கட்டடமாகிவிட்டது. தமிழ்நாட்டின் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவில் சாலைகள் நீங்கலாக 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சியிடம் ஒப்படைத்தாக வேண்டும். ஒப்படைக்கப்பட்ட அந்த இடங்களை உங்கள் பகுதியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். புதர் மண்டியோ, பூட்டு தொங்கியோ, குப்பை கொட்டப்பட்டோ கிடப்பவைதான் அதிகம். பூங்காவாக மாறிய இடங்களிலோ பெரியவர்கள் நடக்கக் கல் பதித்த பாதை இருக்கும். புல்வெளியில் ‘பந்து விளையாடக் கூடாது’ என்ற பலகையும் இருக்கும்.

நேரமும் போய்விட்டது. பள்ளி வேனில் ஊரைச் சுற்றி வீடு வந்து, ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு டியூஷனுக்குக் கிளம்பும் பிள்ளைக்கு மாலை என்று ஒன்று இல்லை. பள்ளியில் இருக்கும் விளையாட்டு பீரியடையும் பொதுத்தேர்வு நெருங்கினால் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளைகள் என்றான பிறகு, கூட்டிப் பார்த்தாலும் ஓர் ஆட்டத்துக்கு ஆள் தேறுவதில்லை.

பறிபோனது என்ன என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். கில்லியும் கோலியும் போய்விட்டனவே என்று நான் வருந்தவில்லை. விளையாட்டுகள் எப்போதும் மாறும். கில்லித் தாண்டு ஆடிய தெருவிலேயே ரப்பர் பந்துக் கிரிக்கெட் வந்து உட்கார்ந்தபோது எதுவும் குடிமுழுகிப் போய்விடவில்லை. அந்தத் தெருக் கிரிக்கெட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். தெரு குறுகல் என்பதால் ஓங்கி அடிக்க முடியாது. எனவே ஒருமுறை தரையில் பட்டு எழும்பும் பந்தை ஒற்றைக் கையால் பிடித்தாலும் அவுட். மாடியில் விழுந்தால் அவுட். அடித்தவனே போய்த் தாத்தாவிடம் திட்டு வாங்கிப் பந்தை மீட்டு வர வேண்டும். மட்டைக்குச் சொந்தக்காரன் முதல் பந்திலேயே அவுட்டாகிக் கோபித்துக்கொண்டு மட்டையோடு கிளம்புவான். அவன் போனால் ஆட்டம் இல்லை. அவன் சொன்னபடியெல்லாம் ஆடினாலும் ஆட்டம் இல்லை. அவனைச் சமாதானம் செய்து, ‘இது டிரையல் பால்’ என்று ஒரு வழி கண்டுபிடித்து, ‘அழுகுணி’ என்று முணுமுணுப்பவனையும் அடக்கி ஆட்டத்தைத் தொடர்வதற்கு ஒரு பஞ்சாயத்தே நடக்கும். நடத்துபவருக்கு வயது பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கும்.

அக்காவோடு ஒட்டிக்கொண்டு வந்த நான்கு வயதுத் தம்பியை என்ன செய்வது? விரட்டினால் அக்காவும் போய்விடுவாள். அவனை ‘உப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவனும் எல்லாரோடும் ஓடுவான், ஒளிவான். பிடிபட்டாலும் அவுட் கிடையாது. தான் கணக்கில் இல்லை என்பது அவனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதும் ஆட்டத்தின் ஒரு பகுதி. பலவீனமானவனுக்காக விதியைத் தளர்த்தலாம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லிக்கொடுத்துவிட முடியாது.

சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ஜான் பியாஜே, குழந்தைகளின் அறவுணர்வு எப்படி வளர்கிறது என்று அறியத் தேர்ந்தெடுத்தது கோலி விளையாட்டைத்தான். 1932-இல் வெளியான நூலில் அவர் விரிவாகவே எழுதியிருக்கிறார். சிறு பிள்ளைகள் விளையாட்டு விதிகளைப் பெரியவர்கள் வகுத்தவை, மாற்றக் கூடாதவை என்று நம்புகிறார்கள். பத்து வயதைத் தாண்டும்போது, எல்லாரும் ஒப்புக்கொண்டால் விதியை மாற்றலாம் என்று கண்டுகொள்கிறார்கள். சம வயதினரோடு ஆடி, சண்டை போட்டுச் சமாதானமாவதில் அந்தத் தெளிவு வருகிறது என்பது அவர் முடிவு. ஜனநாயகம் பழகும் முதல் இடம் அது.

பழைய காலத்தைப் பொன்னாக்கிப் பேசுவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. தேவநேயப் பாவாணர் 1954-இல் வெளியிட்ட ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ நூலைப் புரட்டினால், ஆண்பால் விளையாட்டு, பெண்பால் விளையாட்டு, இருபாலாரும் ஆடுவது என்று பகுத்திருப்பார். ஊரில் இருந்ததை அவர் பதிவு செய்தார். திண்ணையில் பல்லாங்குழியும் தாயமும் ஐந்தாங்கல்லும் பெண்பிள்ளைகளுக்கு. தெருவும் களமும் கண்மாயும் ஆண்பிள்ளைகளுக்கு. இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டே பாண்டி ஆடிய சிறுமிகள் ஏராளம். வயதுக்கு வந்த நாளோடு அதுவும் முடிந்தது. எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தெருவுக்குள் வந்து ஆடலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. இன்று அரசுப் பள்ளி மாணவிகள் கால்சட்டை அணிந்து கால்பந்து ஆடுகிறார்கள், கபடியில் மாநிலப் போட்டிக்குப் போகிறார்கள். எந்தப் பாட்டிக்கும் கிடைக்காத வாய்ப்பு இது. இதை விட்டுக்கொடுத்துவிட்டுப் பழையதைக் கேட்பது அநியாயம்.

ஆனால் நாம் இன்று மாற்றாகத் தருபவை போதாது. ஆண்டுக்கு ஒருநாள் பாரம்பரிய விளையாட்டு விழா நடத்துகிறோம். பெரியவர்கள் விசிலடிக்க, பிள்ளைகள் சாக்கில் கால் நுழைத்துத் தாவுகிறார்கள், நாம் படம் எடுக்கிறோம். வசதியுள்ள வீடுகளில் கிரிக்கெட் அகாடமி, நீச்சல் வகுப்பு, மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து ஆடும் டர்ஃப். அங்கெல்லாம் உடல் அசைகிறது, பயிற்சி கிடைக்கிறது. ஆனால் பிள்ளைகள் தங்களுக்குள் ஆள் சேர்த்து, விதி பேசி, சண்டையைத் தீர்க்கும் வேலையைப் பயிற்சியாளரே செய்துவிடுகிறார். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாசலும் திறப்பதில்லை.

இந்த இடத்தில் கைபேசி விளையாட்டை வேறு கண்ணோடு பார்க்கலாம். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நான்கு நண்பர்களோடு அணி சேர்ந்து ஆடும் சிறுவன் தேடுவது என்ன? பெரியவர் தலையீடு இல்லாத இடம், தன் கூட்டாளிகள், கொஞ்சம் ஆபத்து. தெரு கொடுத்ததைத்தான் அவன் அங்கே தேடுகிறான். கிடைப்பது பாதிதான். விதிகளை நிறுவனம் எழுதிவிட்டது. நான்கு வயதுத் தம்பிக்காக அதைத் தளர்த்த முடியாது. ஆட்டத்தை விட்டு எழுந்துவிடாதபடி வடிவமைத்துக் காசு பார்ப்பது அந்தத் தொழில். கைபேசியைப் பிடுங்கிவிட்டு வேறு இடம் காட்டாத பெற்றோரிடம் பிள்ளை கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

விளையாட்டு குழந்தையின் உரிமை என்று 1989-இல் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு சொன்னது. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. மைதானம் உள்ள அரசு, மாநகராட்சிப் பள்ளிகள் மாலையில் கதவைப் பூட்டாமல், ஒரு காவலரை வைத்து அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். பூட்டிக் கிடக்கும் திறந்தவெளி ஒதுக்கீட்டு இடங்களைச் சமன்படுத்தி, ஒரு குழாயும் ஒரு விளக்கும் போட்டு விட்டுவிட்டால் போதும். சிமென்ட் யானையும் செயற்கை நீரூற்றும் தேவையில்லை.

தெருவுக்கும் வழி இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 2009-இல் சில பெற்றோர், பள்ளி விட்ட பிறகு சில மணி நேரம் தங்கள் தெருவில் போக்குவரத்தை நிறுத்திப் பிள்ளைகளை விளையாட விட்டார்கள். அந்தத் தெருவாசிகளின் கார் மட்டும் நடை வேகத்தில், ஒருவர் வழிகாட்ட உள்ளே வரலாம். நகராட்சி அதற்கு அனுமதி வழங்க, வேறு நகரங்களுக்கும் அது பரவியது. தேர் வரும்போதும் திருவிழாப் பந்தலுக்கும் அரசியல் கூட்டத்துக்கும் தெருவை அடைத்துப் பழகிய நமக்கு இது முடியாத காரியம் அல்ல.

உங்கள் குடியிருப்போர் சங்கம் அடுத்த முறை கூடும்போது, தண்ணீர், குப்பை, கண்காணிப்புக் கேமரா என்ற பட்டியலோடு இதையும் சேருங்கள்: ஞாயிறு மாலை 4 முதல் 6 வரை தெருவின் இரு முனையிலும் தடுப்பு வைக்கக் கவுன்சிலரிடமும் போக்குவரத்துக் காவல்துறையிடமும் அனுமதி கேளுங்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்கு உங்கள் காரை வேறிடத்தில் நிறுத்தச் சம்மதியுங்கள்.