முதல் 24 மணி நேரம்

2000-ஆம் ஆண்டில் போர்ட் பிளேரிலுள்ள மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையம் கார் நிக்கோபாரில் சக்சுச்சா, தமாலு என்ற இரண்டு ஊர்களில் ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. ஹெபடைட்டிஸ் பி கிருமி இன்னும் தொடாதவர்களுக்குத் தடுப்பூசி போடுவது திட்டம். தீவு ஆய்வு என்றால் வந்தோம், ரத்தம் எடுத்தோம், கப்பல் ஏறினோம் என்று முடிந்துபோவதுதான் பெரும்பாலும் நடப்பது. இது அப்படி முடியவில்லை. நடுவே 2004 சுனாமி கார் நிக்கோபாரின் கடலோர ஊர்களை வழித்துக்கொண்டு போனது. மிஞ்சியவர்கள் உள்ளே மேட்டுப் பக்கம் குடியேறினார்கள். அதற்குப் பிறகும் ஆய்வாளர்கள் ஊசி போட்டுக்கொண்டவர்களைத் தேடிப் போய் ரத்தம் பார்த்தார்கள். பத்தாண்டுக் கணக்கு 2015-இல் இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச் இதழில் வந்தது. பெரும்பாலோருக்குக் காப்பளவு எதிர்ப்பொருள் அப்போதும் இருந்தது.

இந்த ஆய்வை நாம் போதுமான அளவு படிக்கவில்லை என்பது என் குறை. ஊசி வேலை செய்கிறது என்ற நல்ல செய்தியோடு நிறுத்திக்கொண்டோம். ஆனால் அந்த ஊசி யாருக்குப் போடப்படவில்லை என்று பாருங்கள். ஏற்கெனவே கிருமி தொற்றியவர்களுக்கு. நிக்கோபாரிகளிடையே எச்.பி.எஸ். ஆன்டிஜன் சுமார் 23 சதவீதம் என்று இதே மையத்தார் முன்பே காட்டியிருந்தார்கள். ஜாரவாக்களிடம் அதைவிடவும் அதிகம். 8 சதவீதத்தைத் தாண்டினாலே மிகுபரவல் பகுதி என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இப்படிக் குவியக் காரணம், தொற்றும் வயது. பிறந்த வருடத்திலேயே தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது நாள்பட்டதாகிவிடும். பெரியவர்களுக்கோ நூற்றில் ஐந்துக்கும் குறைவு. தாயிடமிருந்து பிரசவத்தில் வருவது ஒரு வழி. துஹெட் எனப்படும் கூட்டுக் குடும்பத்தில் பல பிள்ளைகள் ஒன்றாய்ப் புழங்கி வளர்கையில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போவது இன்னொரு வழி. இரண்டும் இங்கே முக்கியம் என்பதே நிக்கோபார் ஆய்வுகளின் முடிவு. ஆறாவது வாரத்துப் பென்டாவேலன்ட் இரண்டாவது வழியை அடைக்கும். முதல் வழியை அடைக்கப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஊசி வேண்டும்.

நாடு முழுவதும் இந்த ஊசி 2011 முதல் அட்டவணையில் இருக்கிறது. மருத்துவமனைப் பிரசவங்களில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் நான்கவுரி கூட்டத்துத் தீவுகளில். தென்மேற்குப் பருவக்காற்றில் படகு நின்றுபோகும் வாரங்களில். கச்சால் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களும் இதே படகைத்தான் நம்பியிருக்கின்றன.

படகுக்கு முன்னால் ஒரு குப்பியும் குறுக்கே நிற்கிறது. பத்துத் தவணைக் குப்பியை ஒரே குழந்தைக்காகத் திறக்க ஏ.என்.எம். தயங்குவார், மீதி ஒன்பது வீணானால் கணக்குக் கேட்பார்களே என்ற பயம். திறந்த குப்பியை முறையாகக் குளிரில் வைத்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாம் என்று விதியே இருக்கிறது. சுற்றறிக்கையாக வந்த விதி துணை மையம் வரை நம்பிக்கையாகப் போய்ச் சேரவில்லை. இன்னொன்று: சூட்டைவிட உறைதல்தான் இந்த மருந்துக்கு எமன். ஐஸ் பேக்கை ஒட்டி வைத்து உறைந்த குப்பி, பார்வைக்கு நல்லதாகவே இருக்கும். சந்தேகம் வந்தால் குலுக்கல் சோதனை செய்யாமல் போடாதீர்கள்.

சூட்டைத் தாங்கும் இந்தக் குணத்தை இந்தோனேசியா பயன்படுத்திக்கொண்டது. லொம்பொக் தீவில் கிராம மருத்துவச்சிகள் ஒற்றைத் தவணை நிரப்பிய யூனிஜெக்ட் ஊசிகளைக் குளிர்பெட்டி இல்லாமல் கையிருப்பில் வைத்து, வீட்டுப் பிரசவத்துக்குப் போன இடத்திலேயே போட்டார்கள். அந்தக் குழந்தைகளின் எதிர்ப்பாற்றலில் குறை இல்லை என்ற முடிவு 1999-லேயே வாக்சின் இதழில் வந்துவிட்டது. (கேம்ப்பெல் பேயிலிருந்து போர்ட் பிளேரைவிடச் சுமத்ராதான் பக்கம். பாடம் மட்டும் ஏனோ இன்னும் வந்து சேரவில்லை.) இதைப் படித்துவிட்டு நாளைக்கே மருந்தை வெளியே எடுத்து வைக்கச் சொல்லவில்லை. குப்பி மேலிருக்கும் வெப்பக் குறியைப் பார்த்து முடிவெடுக்கும் முறையை நான்கவுரியில் ஒரு பருவகாலத்துக்கு, திட்ட அனுமதியோடு சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

2024 மார்ச்சில் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புதிய வழிகாட்டுதல் இன்னொரு கதவைத் திறந்திருக்கிறது. வைரஸ் அளவும் ஈ-ஆன்டிஜனும் பார்க்க வசதி இல்லாத இடத்தில், எச்.பி.எஸ். ஆன்டிஜன் உள்ள கர்ப்பிணிகள் அனைவருக்கும் டெனோஃபோவிர் கொடுக்கலாம் என்கிறது அது. மாதிரி கப்பலேறிப் போய் முடிவு திரும்பி வருவதற்குள் பிரசவமே முடிந்துவிடும் ஊருக்காகவே எழுதியது போலிருக்கிறது. ஆனால் துணை மையத்தில் கர்ப்பிணிக்கு அந்த முதல் பரிசோதனையாவது நடந்தால்தான் இதற்குப் பொருள். மாத்திரை கொடுத்தோமே என்று குழந்தைக்கான ஊசியைத் தள்ளிப்போடவும் கூடாது. தாய்க்குத் தொற்று இருப்பது தெரிந்தால் இம்யூனோகுளோபுலினும் சேர வேண்டும்.

பிரசவப் பதிவேட்டில் ஊசி போட்ட தேதியோடு மணியையும் எழுதுங்கள். இரவு 11 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு மறுநாள் காலையில் போட்டதும், அதற்கும் மறுநாள் மாலையில் போட்டதும் நமக்கு ஒன்றல்ல.

சக்சுச்சாவிலும் தமாலுவிலும் 2000-இல் ஊசி போட்டுக்கொண்ட சிறுமிகள் இப்போது பிள்ளை பெறும் வயதில் இருக்கிறார்கள். அவர்களுடைய குழந்தைகளின் ரத்தத்தையும், ஊசி போடாத ஊர்களின் குழந்தைகளுடைய ரத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆய்வை யாராவது செய்தால், அதற்கு இந்த இதழில் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் தருகிறோம்.