பழைய கதவும் இளந் தம்பதிகளும்

முதன்முதலாகப் பழைய வீடொன்றை வாங்கிய இளந் தம்பதிகள், கூலியாளை எதிர்பாராது தாமே கதவைச் சுரண்டி வர்ணம் பூசுவதைக் காண நமக்குப் பெருமகிழ்ச்சியே. கைவேலை இழிவென்ற எண்ணம் இவ்வாறேனும் ஒழியட்டும். ஆயினும் ஓர் அபாயத்தைச் சொல்லாமலிருக்க இயலவில்லை. பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருப்பதுண்டு. உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்தால் அது தூளாகித் தரையில் படியும்; தவழும் குழந்தையின் கைவழி வாய்க்குள் சென்று மூளையைக் கெடுக்கும். கர்ப்பிணிக்கும் ஆகாது. சர்க்கார் 2016-ல் விதி செய்து, வீட்டு வர்ணத்தில் ஈயம் பத்து லக்ஷத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாதென்றது. நன்று. ஆனால் அவ்விதி புது டப்பாவைத்தானே கட்டுப்படுத்தும்? பாட்டன் காலத்துக் கதவைப் பரிசோதிப்பவர் யார்? நகரசபைகள் அதற்கு வசதி செய்தல் அவசியம். அதுவரை, நண்பர்களே, மரத்தை நனைத்துத் தேயுங்கள். தூளை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வேலை முடியும்வரை குழந்தை பாட்டி வீட்டில் இருக்கட்டும்.