லேத் மட்டும் வாங்கினால் போதுமா?

தாம்பரம் பக்கம் பட்டறை போட நினைப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "லேத் புதுசு வாங்கலாமா, செகண்ட் ஹேண்டா?" முக்கியமான கேள்விதான். ஆனால் நல்ல லேத் இருந்தும் பட்டறை படுத்துவிடலாம். காரணம், வராத பில் பணம்!

ஒரு சின்னக் கணக்கு. வாடகை, கூலி, கரண்ட், டூல் பிட் எல்லாம் சேர்த்து மாதம் 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் கொடுத்த கம்பெனி 90 நாள் கழித்துத்தான் பணம் தரும் என்றால், அதுவரை ஓட்ட 3 லட்சம் கையில் வேண்டும். இரும்பு வாங்கும் காசு தனி. 2012-ல் தமிழக அரசு கொண்டுவந்த நீட்ஸ் திட்டத்தின் 25 சதவீத மானியம் மெஷின் போட உதவும். இந்த ஓட்டையை அடைக்காது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ம் வருட எம்எஸ்எம்இடி சட்டப்படி ஒப்பந்தமே போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் கேஸ் போட்டால் அடுத்த ஆர்டர் வருமா? அந்தப் பயம்தான் வாயைக் கட்டுகிறது.

அதனால்தான் 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த வருமான வரி விதி, 43பி(எச்), நல்ல யோசனை. பணத்தை இழுத்தடித்தால், வாங்கியவர் அந்தச் செலவைப் பணம் கொடுத்த வருஷத்தில்தான் கழிக்க முடியும். யாரும் புகார் கொடுக்காமலேயே வலிக்கும்!

ஆக, இலவச உத்யம் பதிவை முதல் நாளே செய்து, அந்த நம்பரை பில்லில் போட வேண்டும். மூன்று மாதச் செலவை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் லேத் வாங்க வேண்டும். பழைய லேத்திலும் வேலை ஓடும். காசில்லாத பட்டறையில் புது லேத்தும் ஓடாது.